கல்மறைவு

கல்லில் ஒட்டியிருக்கிற அந்தத் தாள் காய எவ்வளவு நேரம் ஆகும் சார்? இந்த வெயிலுக்கு ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் காய்ந்துவிடும் என்று நினைக்கிறேன். காயட்டும். நீங்கள் இப்படி வேப்ப மரத்துக்கு அடியில் வந்து உட்காருங்கள். கல்லில் இருக்கிற எங்கள் வேடியப்பன் இத்தனை காலமாக எண்ணெயும் மஞ்சளும் பூசிக்கொண்டு நின்றார். இன்றைக்கு ஒரு நாள் உங்கள் கறுப்பு மையைப் பூசிக்கொண்டு நிற்கட்டும்.

கல்லில் இருக்கிற எழுத்தை நீங்கள் படித்துவிட்டீர்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. தாளின் மேல் மை ஒற்றும்போதே உங்கள் உதடு அசைந்துகொண்டிருந்தது. இப்போது சொல்லாதீர்கள். முதலில் எங்கள் கதையை நான் சொல்லிவிடுகிறேன். அப்புறம் கல் என்ன சொல்கிறது என்று நீங்கள் சொல்லுங்கள். நான் பின்னால் சொன்னால், கேட்டுவிட்டு இந்தக் கிழவன் அதற்குத் தகுந்தமாதிரி மாற்றிச் சொல்கிறான் என்று ஆகிவிடும். எனக்குப் படிப்புக் கிடையாது. தீர்த்தகிரி என்று கையெழுத்து மட்டும் போடுவேன். அதுவும் வேலூரில் கற்றுக்கொண்டது. வேலூரில் எங்கே என்று அப்புறம் சொல்கிறேன்.

கல்லில் இருக்கிற ஆளைப் பார்த்தீர்கள் அல்லவா? ஒரு கையில் வில், ஒரு கையில் குத்துவாள். காலுக்குக் கீழே இரண்டு மாடு. அம்பெல்லாம் மார்பில் தைத்திருக்கிறது. முதுகில் ஒன்று கூடக் கிடையாது. அவர் எங்கள் வீட்டு ஆள். எங்கள் நைனாவுக்கு நைனா, அவருக்கு நைனா என்று போய்க்கொண்டே இருந்தால் அங்கே அவர் நிற்பார்.

அந்தக் காலத்தில் மாடுதான் சொத்து. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு படை வந்து பாலேரிக்குப்பத்து மாட்டையெல்லாம் ஓட்டிக்கொண்டு போனது. அப்போது எங்கள் வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர். ராஜா கூப்பிட்டால் சண்டைக்குப் போவார்கள். கூப்பிடாத நாளில் ஊருக்குக் காவல். அண்ணன்காரன் வில்லை எடுத்துக்கொண்டு துரத்திப் போனான். மாட்டையெல்லாம் மீட்டு ஊர்ப் பக்கம் திருப்பி விட்டுவிட்டு, அவன் மட்டும் அங்கேயே நின்றான். நின்று செத்தான். தம்பிக்காரன் என்ன செய்தான் தெரியுமா? கல்லுக்குப் பின்னால் இருந்தான். எங்கள் வீட்டில் வழிவழியாக அப்படித்தான் சொல்வார்கள். அண்ணன் அம்புக்கு முன்னால் நின்றான், தம்பி கல்லுக்குப் பின்னால் இருந்தான். எந்தக் கல் என்று யாரும் கேட்டதில்லை. ஏதோ ஒரு கல். இந்தப் பக்கம் கல்லுக்கா பஞ்சம்?

அதிலிருந்து எங்கள் வீட்டில் இளையவனாகப் பிறக்கிறவனுக்குக் ‘கல்மறைவு’ என்று ஒரு பெயர். கேலிக்குத்தான். என் சித்தப்பாவை ஊரே அப்படிக் கூப்பிடும். கல்மறைவு இருக்கிறாரா என்று கேட்டு வருவார்கள். அவரும் இருக்கிறேன் வாங்க என்பார். கறிக்குழம்பு வைத்த நாளில் நைனா என் தட்டில் சதையைப் போட்டுவிட்டு, கல்மறைவுக்கு எலும்பு போதும் என்று மாதையன் தட்டில் எலும்பைப் போடுவார். மாதையன் சிரித்துக்கொண்டே கடிப்பான்.

மாதையன் என் தம்பி. எனக்கு ஒரே தம்பி. போன மாசியில் செத்துப்போனான்.

இந்த நிலம் இருக்கிறதே, நாம் உட்கார்ந்திருக்கிற இந்தத் துண்டு, இதற்கு உதரக்காணி என்று பெயர். நீங்கள் காலையில் சொன்னீர்களே, உதிரப்பட்டி என்பார்கள், சண்டையில் ரத்தம் சிந்திச் செத்தவன் வீட்டுக்கு ராஜா கொடுப்பது என்று. அதேதான். வரி கிடையாதாம் அப்போது. இப்போது எல்லாம் உண்டு. ஆனால் ஒரு வழக்கம் மட்டும் விடவில்லை. ஊருக்கு ஓர் ஆபத்து என்றால் உதரக்காணிக்காரன் முன்னால் நிற்க வேண்டும். வேறு யாரும் அவனுக்கு முன்னால் போகக் கூடாது. ஆபத்து இல்லாத காலத்தில், வருசா வருசம் சித்திரையில் முதல் உழவுக்குப் பொன்னேர் பூட்டுகிற அன்று, காணிக்கு உரியவன் இடது கட்டைவிரலைக் கீறி, ஏர்க்கொழுவின் மேல் ஒரு சொட்டு விட வேண்டும். விட்டு, இது இன்னார் ரத்தம் என்று தன் பெயரைச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் மாடு நகரும். ரத்தம் படாத கொழு இந்த மண்ணில் இறங்காது. கீறுகிற கை மாறினால், வீட்டுக்கு மூத்தவன் சரி என்று சொல்லாமலும் இறங்காது.

நாளைக்குப் பொன்னேர். இப்போது வீட்டுக்கு மூத்தவன் நான்தான்.

அதோ வரப்பு மேலே செல்போனை வைத்துக்கொண்டு நிற்கிறான் பாருங்கள், அவன் கோவிந்தராசு, மாதையன் மகன். காலையிலிருந்து மூன்று தடவை வந்து கேட்டுவிட்டான். பெரியப்பா, நாளைக்கு என்ன செய்யட்டும் என்று. நான் பதில் சொல்லவில்லை. தரிசாகக் கிடக்கட்டும் என்றுதான் மனதில் வைத்திருக்கிறேன். என் பெயரை வைத்து என்னென்னவோ செய்துவிட்டார்கள் சார் இந்த நிலத்தில். கேளுங்கள்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. நல்ல வயசு. அந்த வருசம் மழை ஏய்த்துவிட்டது. ஏரியில் இருந்தது அடித்தண்ணீர்தான். எங்கள் ஏரிக்கும் சித்தாண்டூருக்கும் ஒரே மதகு. நம் பயிர் கருகும்போது அவர்கள் பயிருக்குத் தண்ணீர் போகிறது என்று இங்கே பேச்சு, அங்கேயும் அதே பேச்சு. கடைசியில், சித்தாண்டூர்க்காரர்கள் மதகைத் திறக்க வந்துவிட்டார்கள் என்று ஒருத்தன் ஓடி வந்து சொன்னான். ஊர் கூடிவிட்டது. எல்லோரும் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். உதரக்காணிக்காரங்க முன்னால நில்லுங்க என்றார்கள். நைனாவுக்குக் கண் தெரியாமல் போயிருந்த காலம். அவர் எழுந்து, எங்கள் இரண்டு பேர் பக்கமும் முகத்தைத் திருப்பினார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் எழுந்துவிட்டேன். அதைச் சொல்ல வேண்டும் சார். யாரும் என்னைத் தள்ளிவிடவில்லை.

மாதையன் என் கையைப் பிடித்தான்.

“அண்ணா, போவாத. நான் நேத்தே சென்றாயங்கிட்ட பேசிட்டேன். பகல்ல நமக்கு, பொழுது சாஞ்சா அவங்களுக்கு. அதச் சொல்லத்தான் அவன் வந்திருப்பான்.”

பார்த்தீர்களா? எதிரியோடு ரகசியமாகப் பேசி முடித்திருக்கிறான். அண்ணனிடம் ஒரு வார்த்தை கிடையாது. அவனைக் கேட்டால் சொல்ல வந்தேன், நீ தூங்கிக்கொண்டிருந்தாய் என்பான். நான் கையை உதறினேன்.

“நீ போய்க் கல்லுக்குப் பின்னால உக்காந்துக்கடா” என்றேன்.

கூட்டம் சிரித்தது. நைனாவும் சிரித்தார். மாதையன் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

மதகில் சென்றாயன் நின்றிருந்தான். சித்தாண்டூர்க்காரன். எங்களைவிடக் கொஞ்சம் மூத்தவன், தலையில் துண்டு கட்டியிருந்தான். அவனுக்குப் பின்னால் தூரத்தில் நாலைந்து பேர். அவன் கையிலும் மண்வெட்டி இருந்தது சார். அதைக் கோர்ட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மண்வெட்டி வைத்திருக்கிறவன் எப்போது வேண்டுமானாலும் ஓங்குவான். அதை ஏன் கரையில் சாய்த்து வைத்திருந்தான் என்று கேட்டால், எனக்கு எப்படித் தெரியும்? எனக்குப் பின்னால் ஊரே நின்றது. கல்லில் இருக்கிறவர் பின்னால் நின்றார். நான் அடித்தேன். ஒரே அடி. அப்புறம் அவன் ஆட்கள் ஓடி வந்து அந்த மண்வெட்டியை எடுத்து வீசியதில் என் இடது கட்டைவிரல் போயிற்று. இதோ பாருங்கள். அடியோடு போய்விட்டது. எங்கே விழுந்தது என்று கூடத் தெரியாது. ஏரிக்குள்தான் விழுந்திருக்க வேண்டும்.

போலீஸ் வந்தபோது மாதையன் எங்கே இருந்தான் தெரியுமா? மதகுக்கல்லுக்குப் பின்னால். ஊரே பார்த்தது. கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான், சென்றாயன் தலையை மடியில் வைத்துக்கொண்டு. தன் வேட்டியைக் கிழித்து அவன் மண்டையைக் கட்டியிருந்தான். அண்ணனுக்கு விரல் போய் ரத்தம் கொட்டுகிறது, அவன் யாருக்குக் கட்டுப் போடுகிறான் பாருங்கள். கேலிக்குச் சொல்லி வந்த பெயர் அன்றைக்கு நிஜமாகவே ஒட்டிக்கொண்டது.

சரி, அதையாவது விடலாம். கோர்ட்டில் செய்ததை எப்படி விடுவது? வக்கீல் தெளிவாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். சென்றாயன்தான் முதலில் ஓங்கினான், உயிருக்குப் பயந்து என் அண்ணன் தடுத்தான். இவ்வளவுதான். ஊர்க்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். வரிசையாக வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். மாதையன் கூண்டில் ஏறினான். என்னைப் பார்த்தான். அப்புறம் ஜட்ஜைப் பார்த்துச் சொன்னான்.

“சென்றாயன் பீடி பத்த வெச்சிக்கினு இருந்தானுங்க.”

அவ்வளவுதான் சொன்னான். மேலே எவ்வளவு கேட்டும் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு பீடிதான் சார் என் ஆயுள் தண்டனை.

வேலூர் ஜெயில். அங்கேதான் கையெழுத்துக் கற்றுக்கொண்டேன் என்று சொன்னேனே. மாசா மாசம் மனு போட்டு என்னைப் பார்க்க வருவான். நான் போக மாட்டேன். வார்டர் வந்து தம்பி வந்திருக்கிறான் என்பார். எனக்குத் தம்பி கிடையாது என்பேன். முறுக்கும் சோப்பும் வேட்டியும் கொடுத்துவிட்டுப் போவான். பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவேன். சோப்பை மட்டும் வைத்துக்கொள்வேன். அங்கே சோப்பு கஷ்டம். ஒரு தடவை மழைநாளில் வந்து சாயங்காலம் வரைக்கும் கேட்டுக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றான் என்று வார்டர் சொன்னார். நின்றால் நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தத் தடவை அவன் என் பெண்ணுக்கு வரன் வந்திருக்கிறது, கொடுக்கலாமா என்று கேட்க வந்திருக்கிறான். எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த மாசம் கல்யாணமே முடிந்துவிட்டது. பெற்றவனைக் கேட்காமல் பெண்ணைக் கொடுக்கிற ஊர் எங்கேயாவது உண்டா சார்? மாப்பிள்ளை நல்ல பையன்தான். பெண் ஓசூரில் நன்றாக இருக்கிறாள். அது வேறு விஷயம். கேட்டானா என்பதுதான் பேச்சு.

என் வீட்டுக்காரி சின்னபாப்பா செத்தபோது பரோலில் வந்தேன். எனக்கு முன்னால் எல்லாம் செய்து முடித்திருந்தான். அவள் கடைசி வரைக்கும் இவர்கள் வீட்டில்தான் இருந்தாளாம், மாதையன் பெண்டாட்டிதான் தூக்கி எடுத்துப் பார்த்தாளாம். வந்தவர்கள் எல்லாம் அவனைத்தான் துக்கம் விசாரித்தார்கள். நான் போலீஸ்காரர்களுக்கு நடுவில் விருந்தாளி மாதிரி நின்றேன்.

விடுதலையாகி வெளியே வந்தேன். வந்து பார்த்தால், ஊரில் எனக்கு ஒரு வீடு நிற்கிறது. சிமெண்ட் தரை, ஓடு போட்டது. ஊருக்காக ஜெயிலுக்குப் போனவன் என்று ஊர் கட்டிக் கொடுத்திருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். அப்புறம் ஒருத்தன் சொன்னான், மாதையன் கட்டினது என்று. சொன்னவன் குடிகாரன். அதனால் நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று வேளையும் சோறு அவர்கள் வீட்டிலிருந்து வரும். சாப்பிடுவேன். என் நிலத்து நெல்தானே அது, எனக்கென்ன கூச்சம்?

அந்த வருசம் சித்திரைதான் சார், நான் சொல்ல வந்தது.

பொன்னேர் அன்று விடியற்காலையில் குளித்து, புதுவேட்டி கட்டிக்கொண்டு நான் முதலில் வந்து இந்தக் கல்லுக்கு முன்னால் நின்றேன். ஊர்க்காரர்கள் வந்தார்கள். ஏர் பூட்டி நிற்கிறது. கொழுவுக்குப் பொட்டு வைத்தாகிவிட்டது. நான் கத்தியை வாங்கினேன். இடது கையை நீட்டினேன். நீட்டின பிறகுதான் சார் எனக்கே உறைத்தது. கீறுவதற்கு விரல் எங்கே இருக்கிறது?

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. உள்ளங்கையைக் கீறுகிறேன் என்றேன். பூசாரி தலையை ஆட்டிவிட்டார், கட்டைவிரல்தான் வழக்கம் என்று. இந்த ஊருக்காகப் போன விரல்தானே என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது மாதையன் வந்தான். என் கையிலிருந்து கத்தியை மெதுவாக வாங்கினான். தன் விரலைக் கொழுவுக்கு நேராக வைத்து, ஒரு கீறு கீறினான். ரத்தம் விழுந்தது.

“இது எங்கண்ணன் தீர்த்தகிரி ரத்தம்” என்றான்.

மாடு நகர்ந்துவிட்டது. ஊரும் அதை ஏதோ தினம் நடக்கிற விஷயம் போலப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அப்புறம்தான் தெரிந்தது, நான் உள்ளே போன வருசத்திலிருந்தே அப்படித்தானாம். வருசா வருசம் தன் விரலைக் கீறி என் பெயரைச் சொல்லித்தான் ஏர் பூட்டியிருக்கிறான். தன் பெயரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லையாம். இதை ஊரில் ஒரு பெருமை மாதிரி என்னிடம் சொன்னார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீங்களே சொல்லுங்கள். என் பெயரை எடுத்து இன்னொருத்தன் ரத்தத்தில் போட்டால் நான் யார்? செத்தவனா?

அதோடு நின்றதா? ஏர் பூட்டின மாடு யார் வீட்டு மாடு என்று கேட்டேன். எங்கள் ஊரில் அப்போதே மாடு குறைந்துவிட்டது. எல்லாம் டிராக்டர். பொன்னேர் முதல் சாலுக்கு மட்டும் வெளியூரிலிருந்து ஒரு ஜோடி ஓட்டி வருவார்கள். சித்தாண்டூர் மாடு என்றார்கள். சித்தாண்டூரில் யாருடையது? சென்றாயன் வீட்டு மாடு. அவன் மகன்தான் ஓட்டி வந்திருக்கிறான். என் கண் முன்னால்தான் நின்றிருக்கிறான், எனக்கு அடையாளம் தெரியவில்லை. இன்னும் கேளுங்கள். இந்த நிலத்தில் அறுப்பு முடிந்தால் முதல் மூட்டை நெல் சென்றாயன் பெண்டாட்டி ராமக்கா வீட்டுக்குப் போகிறதாம். என் உதரக்காணி நெல்!

அன்றைக்குச் சாயங்காலம் அவனே வந்தான். வாசலில் நின்றான். நான் உள்ளே கூப்பிடவில்லை.

“அண்ணா, உன் நெலத்த நான் எடுத்துக்கல. உம் பேருலதான் இருக்குது” என்றான்.

“சித்தாண்டூருக்கு நெல்லு போவுதாமே.”

“போவுது.”

“யாரைக் கேட்டுடா?”

விரலில் சுற்றியிருந்த துணியைத் திருகிக்கொண்டே நின்றான். அப்புறம் சொன்னான்.

“உதரக்காணின்னா செத்தவன் வூட்டுக்குத்தானேண்ணா. செத்தது சென்றாயன்.”

எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள். கல்லில் நிற்கிறவரையும் அந்த பீடிக்காரனையும் ஒன்றாகக் கொண்டுவந்து வைக்கிறான். நான் என்ன சொன்னேன்? போடா கல்மறைவு என்றேன். அதுதான் நான் அவனிடம் நேராகப் பேசின கடைசிப் பேச்சு. அதற்கப்புறம் எத்தனையோ வருசம் ஒரே தெருவில் இருந்தோம். எதிரே வந்தால் காற்றைப் பார்த்து, கல்மறைவு போகுது என்பேன். அவன் ஒதுங்கி நின்று நான் போன பிறகு போவான். வழி விடுவதற்கு மட்டும் தெரியும் அவனுக்கு.

மாசியில் ஒரு நாள் மத்தியானம் கழனியிலிருந்து வந்தவன் மார்பு வலிக்கிறது என்று படுத்தானாம். அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வருவதற்குள் போய்விட்டான்.

நான் போனேன். போகாமல் எப்படி? மூத்தவன். சித்தாண்டூரிலிருந்து கூட்டமாக வந்திருந்தார்கள். ராமக்கா கிழவி ஆகிவிட்டாள். என்னைத் தாண்டித்தான் உள்ளே போனாள். என்னைப் பார்த்தாளா இல்லையா தெரியாது. அவன் காலடியில் விழுந்து அழுதாள், கூடப்பிறந்தவனுக்கு அழுகிற மாதிரி. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் செத்த வீட்டில் என்ன பேசுவது?

குளிப்பாட்டிக் கிடத்தினார்கள். இரண்டு கட்டைவிரலையும் சேர்த்துக் கட்ட வேண்டும் அல்லவா? பெரியப்பா கட்டட்டும் என்று கோவிந்தராசு நூலை என் கையில் கொடுத்துவிட்டான். அந்த வீட்டில் என்னிடம் ஒருத்தன் நூலைக் கொடுக்கிறான் பாருங்கள். ஒரு கட்டைவிரல்காரன் எப்படி முடிச்சுப் போடுவான்? அப்படியும் போட முயன்றேன். அவன் இடது கையைப் பிடித்தேன். சின்ன வயதில் ஏரியில் நீந்தக் கற்றுக்கொடுத்தபோது பிடித்த கை. அதற்கப்புறம் தொட்டதில்லை. அந்த விரல் விரல் மாதிரியே இல்லை சார். அரம் மாதிரி இருந்தது. கீறல் மேல் கீறல், தழும்பு மேல் தழும்பு. இனி ஒன்று கீற இடம் இல்லை. நான் எண்ணவில்லை. எண்ண என்ன இருக்கிறது? எல்லாக் கீறலுக்கும் என் பெயரைத்தான் சொல்லியிருக்கிறான்.

நூல் வழுக்கிக்கொண்டே போனது. கண் வேறு சரியாகத் தெரியவில்லை, புகை. ஊதுவத்தி புகை. கடைசியில் சென்றாயன் மகன் வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேருமாக முடிச்சுப் போட்டோம்.

என் குறை அதுதான் சார். செத்துப்போய்விட்டான். அவன் இருந்தால் நான் இன்னும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கோர்ட்டில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டிருப்பேன். கேட்பதற்குள் போய்விட்டான். இனி நான் யாரைப் பார்த்துக் கல்மறைவு போகுது என்று சொல்வது? தெருவில் எதிரே யாரும் வருவதில்லை.

அதோ, தாள் ஓரம் கிளம்புகிறது பாருங்கள். காய்ந்துவிட்டது. சரி, நான் சொல்லி முடித்துவிட்டேன். இப்போது நீங்கள் சொல்லுங்கள். கல் என்ன சொல்கிறது?

என்னது? இன்னொரு தடவை சொல்லுங்கள். மெதுவாக.

தொறு மீட்டுப் பட்டான். தொறு என்றால் மாடு. மாட்டை மீட்டுச் செத்தான். நான் சொன்னதுதானே? பிழை இல்லையே? சாத்தன் என்று பெயரா அவருக்கு? எங்களுக்கு வேடியப்பன். சரி, சாத்தன். அப்புறம்?

அவன் தம்பி கொற்றன் நடுவித்த கல்.

தம்பியா?

தம்பி என்று எழுதியிருக்கிறதா, நீங்களாகச் சேர்த்துச் சொல்கிறீர்களா? எந்த எழுத்து? விரல் வைத்துக் காட்டுங்கள். இதுவா? வட்டமாக இருக்கிறதே, இதுவா? இங்கேயிருந்து இதுவரைக்கும் தம்பியா?

இத்தனை காலம் இதற்கு நேரே கற்பூரம் காட்டியிருக்கிறேன்.

இவ்வளவு பெரிய கல்லை அவன் நட்டானா? நான் கல் நட்டதைப் பார்த்திருக்கிறேன் சார். மதகுக்கல் நட்டோம் ஒரு தடவை. முன்னால் இருந்து பத்துப்பேர் கயிறு கட்டி இழுப்பார்கள். ஆனால் ஒருத்தன் பின்னால் நின்று தோள் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கயிறு அறுந்தால் அவன் மேல்தான் சாயும். முன்னால் நிற்கிறவன் கண்ணுக்கு அவன் தெரிய மாட்டான். கல்தான் தெரியும்.

பின்னால்தான் இருந்திருக்கிறான்.

அது அந்தக் காலத்துத் தம்பி சார். அதற்கும் மாதையனுக்கும் சம்பந்தம் கிடையாது. நீங்கள் அப்படி எதுவும் எழுதிவிடாதீர்கள். தாளை உரித்துக்கொள்ளுங்கள், காற்று வந்தால் கிழிந்துவிடும்.

கோவிந்தராசு வருகிறான். இவனுக்கு ஒரு பதிலைச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். இருங்கள்.

“பெரியப்பா, சித்தாண்டூர்ல இருந்து கேக்கறாங்க. நாளைக்கி மாட்ட ஓட்டியாரட்டுமான்னு.”

“ஓட்டியாரச் சொல்லு. வெரல நீ குடு.”

“உங்க பேரச் சொல்லட்டுங்களா?”

“உசுரோட இருக்கறவன் பேரு எதுக்குடா? உங்கப்பன் பேரச் சொல்லு. சத்தமாச் சொல்லு, இங்க வரைக்கும் கேக்கணும்.”

“நீங்க முன்னால வந்து நிக்கலீங்களா பெரியப்பா?”

“நான் இங்கயே நின்னுக்கறேன். இந்தக் கல்லுக்குப் பின்னால.”

போகிறான் பாருங்கள், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு. ஒன்றுமில்லை சார், வெயிலுக்காகத்தான் சொன்னேன். இந்தக் கல் கிழக்கே பார்த்து நிற்கிறது. காலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும், என் கண்ணுக்கு ஆகாது. பின்னால் கொஞ்சம் நிழல் இருக்கும். ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இருக்கும்.